வேகத்தைக் கட்டும் வார்

கோயம்புத்தூரில் வாழும் இளைஞன் ஒருவனிடம் பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று உள்ளது என்று கொள்க. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தையும் கடக்க வல்லது அது. ஆயினும், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்திற்குப் போக வேண்டிய நாளில் அது தானே ஓடிச் செல்வதில்லை. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவும் வேறொரு வண்டியின் மேல் நின்றவாறே செல்கிறது. பந்தயத்திற்கென்றே சீர்செய்யப்பெற்ற வண்டியில் முகப்பு விளக்கு இராது. பின்புறம் காட்டும் கண்ணாடி இராது. பதிவெண் பலகையும் இராது. ஆதலின் பொதுச் சாலையில் அதனை ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை. வேகத்திற்கென்றே பிறந்த ஒரு பொருளை ஓர் இரவு முழுவதும் அசையாமல் நிற்கச் செய்ய வேண்டும். அஃது எளிய செயல் அன்று.

மேலை நாடுகளில் இத்தகைய வண்டிகளை டிரெய்லரில் ஏற்றிச் செல்வது பெருவழக்கு. மோட்டார் காரின் பின்னே கொக்கியால் கோத்து இழுக்கப்பெறும் சிறு தட்டு வண்டியே டிரெய்லர் ஆகும். நம் நாட்டில் சிறு லாரிகளே இப்பணிக்கு மிகுதியும் பயன்படுகின்றன. எதில் ஏற்றினும் கட்டும் முறை ஒன்றே. இவ்விளைஞன் டிரெய்லரைத் தேர்ந்துகொண்டான் என்க.

அவன் முதலில் எண்ண வேண்டுவது கட்டும் வாரைப் பற்றியன்று, பாரத்தைப் பற்றியே. மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும் உழவர் முன்பாரம், பின்பாரம் என்று பேசிக்கொள்வதை நாட்டுப்புறத்துப் பிள்ளைகள் கேட்டிருப்பர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நொந்துபோகும். டிரெய்லருக்கும் இந்தக் கணக்கு உண்டு. டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இழுக்கும் காரின் கொக்கி மேல் அமர்தல் வேண்டும். பின்பாரமாக ஏற்றினால், வேகம் கூடக் கூட டிரெய்லர் பாம்பு போல் இருபுறமும் நெளியத் தொடங்கும். சில நேரங்களில் காரையே திருப்பிவிடும். ஆகவே மோட்டார் சைக்கிளின் எடை டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னே விழுமாறு நிறுத்துவர். முன்சக்கரம் பதிந்து நிற்பதற்கு இரும்பாலான தொட்டில் ஒன்று தட்டின் முற்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும்.

இனி, கட்டு எவ்வளவு வலிமை உடையதாய் இருத்தல் வேண்டும்? ஓடும் பொருள் தொடர்ந்து ஓடவே முயலும் என்பதை நியூட்டன் 1687 ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதி வைத்தார். கார் திடீரென்று பிரேக் பிடித்தால், மேலே நிற்கும் மோட்டார் சைக்கிள் முன்னோக்கிப் பாய முயலும். வளைவில் திரும்பினால் புறத்தே சாய முயலும். சரக்கைக் கட்டுவோர்க்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வகுத்துள்ள விதி இதனை எண்ணால் கூறுகிறது. முன்னோக்கிய திசையில் சுமையின் எடையில் 0.8 பங்கையும், பின்னும் பக்கவாட்டிலும் 0.5 பங்கையும் கட்டு தாங்க வேண்டும் என்பது அவ்விதி. 180 கிலோகிராம் எடையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு இது முன்னே 144 கிலோகிராம் எடையையும், பக்கத்தே 90 கிலோகிராம் எடையையும் ஒத்த விசையாகும். கையால் பிடித்து நிறுத்தலாம் என்று எண்ணித் தட்டின்மேல் ஏறி அமர்வோர் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நலம்.

முற்காலத்தில் கயிறே கட்டுப் பொருள். ஆனால் முடிச்சு நழுவும். நைலான் கயிறு வலியதே. எனினும் அது நீண்டு கொடுக்கும். மழையில் நனைந்தால் இன்னும் தளரும். 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் வேதியியலார் இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டறிந்தனர். சட்டைத் துணியாக யாவரும் அறிந்த அவ்விழையையே அகன்ற வாராக நெய்து இன்று கட்டுகின்றனர். லாரிக்காரர்கள் இதனைப் பெல்ட் என்பர். அதன் இடையே அமைந்த பற்சக்கர இறுக்கியை ராட்செட் என்பர். கைப்பிடியை முன்னும் பின்னும் அசைக்க அசைக்க அது வாரைச் சுருட்டி இறுக்கும். வாரின் மேல் குறித்திருக்கும் பணிச்சுமை, அது அறுந்துபோகும் சுமையில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் வைப்பது வழக்கம். ஓரம் பிசிர் விட்டதும் வெயிலில் வெளுத்ததுமான வாருக்கு அந்த எண் பொருந்தாது.

வாரை எங்கே மாட்டுவது? சாதாரண மோட்டார் சைக்கிளில் உயர்ந்த கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிடுவோர் பலர். பந்தய வண்டியில் அது தகாது. அதன் கைப்பிடிகள் முன்கவையின் குழாய்களைப் பற்றிய இரு குறுந்துண்டுகளே. வாரின் இழுப்புக்கு அவை வளையும், அல்லது சுழலும். மேலும், வண்டியை மூடியுள்ள பிளாஸ்டிக் கூட்டை வார் உரசி நெருக்கும். பிரேக் குழலையும் நசுக்கக்கூடும். ஆகவே முன்கவையின் இரு குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் அடிப் பிடிப்பில் மென்துணி வளையம் ஒன்றைச் சுற்றி, அவ்வளையத்தில் வாரின் கொக்கியை மாட்டுவர். அங்கிருந்து வார்கள் முன்னோக்கியும் வெளிப்புறமாகவும் விரிந்து தட்டின் வளையங்களுக்குச் செல்லும். தரையோடு ஏறத்தாழ 45 பாகைக் கோணம் நன்று. செங்குத்தாக நின்றால் வார் கீழே அழுத்துமேயன்றிப் பக்கச் சாய்வைத் தடுக்காது. படுத்துக் கிடந்தால் அழுத்தாது.

இதுவரை சொன்னவை பார்த்தாலே விளங்குவன. இனிச் சொல்வது அத்தகையதன்று. மோட்டார் சைக்கிள் மரக்கட்டை போன்றதன்று. அது சுருள்வில்லின் மேல் நிற்கும் பொருள். அதன் முன்கவை ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் வரை உள்ளே அமுங்கி மீளக்கூடியது. வாரோ இழுக்க மட்டுமே வல்லது; தள்ள அதற்கு ஆற்றல் இல்லை. வாரை மேலோட்டமாக இறுக்கிவிட்டு இளைஞன் புறப்பட்டான் என்க. டிரெய்லர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மோட்டார் சைக்கிளின் உடல் கீழே அமுங்கும். அக்கணத்தில் வார் தொய்யும். தொய்ந்த வாரின் கொக்கி வளையத்தை விட்டு நழுவும். உடல் மீண்டும் எழும்போது பிடிப்பதற்கு ஒருபுறம் ஒன்றும் இராது. மறுபுறத்து வார் இறுகியே இருப்பதால், காக்க வேண்டிய அவ்வாரே வண்டியைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும்!

இதனைத் தடுக்கவே, வாரை இறுக்கும்போது முன்கவையையும் கீழே அமுக்கி, வில்லை விறைக்கச் செய்வர். அமுங்கிய வில் ஓயாது மேல்நோக்கித் தள்ளும். வார் ஓயாது கீழ்நோக்கி இழுக்கும். இவ்விரண்டின் போராட்டமே கட்டு. சிறு பள்ளங்களால் அந்த விறைப்பை வெல்ல இயலாது. அப்படியாயின் முற்றிலும் அமுக்கிவிடலாமே என்று தோன்றும். அதுவும் பிழை. வில்லுக்குச் சிறிதும் இடமின்றி அமுக்கினால், சாலையின் குலுக்கல் முழுவதும் வாரையும் வளையத்தையும் நேரே தாக்கும். முன்கவையின் உள்ளிருக்கும் எண்ணெயைக் காக்கும் ரப்பர் வளையங்களும் கேடுறக்கூடும். ஏறத்தாழப் பாதி அளவே போதும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து உடலால் அழுத்த, மற்றொருவர் இடம், வலம் என்று மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குவது சிறந்த முறை. வண்டி நேராக நிற்கிறதா என்பதைப் பின்னே பத்தடி தள்ளி நின்று பார்த்தல் வேண்டும். அருகில் நிற்பவன் கண் ஏமாறும்.

பின்புறத்தில் இரு வார்கள் போதும். அவை பின்சக்கரம் இடம் வலமாகத் துள்ளாமல் காப்பன. பக்கத் தாங்கியான ஸ்டாண்டை மடக்கிவிட வேண்டும். கியரில் நிறுத்துவதும் வழக்கமே. வாரின் மிகுதி முனையைச் சுருட்டிக் கட்டாவிட்டால் அது காற்றில் படபடத்துப் பறந்து சக்கரத்தில் சிக்கும். நீண்ட வாரை ஒரு முறுக்கு முறுக்கி விட்டால் காற்றில் அதிர்ந்து இரைவதும் குறையும்.

புறப்பட்ட பின்னரும் வேலை முடிந்ததாகாது. வார் தன் இருப்பில் படிந்து சற்றே தளர்வது இயல்பு. முதல் 50 மைலுக்குள் ஒரு முறை நிறுத்திக் கட்டைப் பார்க்க வேண்டும் என்பது முற்கூறிய அமெரிக்க விதிகளுள் ஒன்று. அது 80 கிலோமீட்டர் ஆகும். அனுபவமுடையோர் அவ்வளவு தொலைவும் காத்திருப்பதில்லை. 10, 15 கிலோமீட்டரிலேயே நிறுத்திவிடுவர். நள்ளிரவில், நெடுஞ்சாலை ஓரத்தில், தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வாரைத் தட்டிப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் டிரெய்லருக்குப் பின்னே யார் வருகிறார் என்பது இளைஞனுக்குத் தெரியாது. ஆலைப் பணி முடித்து ஸ்கூட்டரில் வீடு திரும்பும் ஒருவராக இருக்கலாம். 180 கிலோகிராம் இரும்பு அவர் முன்னே விழுமாயின், பிரேக் பிடிக்க அவருக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. பந்தயம் தோற்றால் அடுத்த ஆண்டு மீண்டும் வரும்.

விடியலில் களத்தை அடைந்ததும் இளைஞன் விரைந்து கொக்கியைக் கழற்றுவதில்லை. அமுங்கிய வில் இன்னும் விறைத்தே நிற்கிறது. ஒரு வாரை ஒரேயடியாக விடுத்தால் வண்டி துள்ளி மறுபுறம் சாயும். தோழன் ஒருவன் வண்டியைப் பற்றிக்கொள்ள, இருபுறத்து வார்களையும் மெல்ல மெல்லத் தளர்த்துகிறான். முன்கவை பெருமூச்சு விடுவது போல் மேலெழுகிறது. சாய்பலகை வழியே வண்டியைத் தரையில் இறக்கியபின், அவன் குனிந்து முன்கவையின் குழாயை விரலால் தடவிப் பார்க்கிறான். எண்ணெய்க் கசிவு இல்லை. விரல் உலர்ந்தே இருக்கிறது.