எது மிக அருகில்?

உங்கள் வீட்டிலிருந்து நேராகக் கிழக்கே 600 மீட்டர் சென்றால் ஒரு நூலகம் உள்ளது. மற்றொரு நூலகத்திற்குச் செல்ல, கிழக்கே 300 மீட்டரும் பின்னர் வடக்கே 400 மீட்டரும் நடக்க வேண்டும். எது அருகில்? பைதாகரஸ் தேற்றத்தின்படி, இரண்டாம் நூலகத்தின் நேர்க்கோட்டுத் தொலைவு 500 மீட்டர்தான். ஆனால், சாலை வழியே நடப்பவருக்கு அது 700 மீட்டர். அவருக்கு முதல் நூலகமே அருகில். இடங்கள் மாறவில்லை, அளக்கும் முறை மாறியதும் விடை மாறிவிட்டது.

இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தவர் ஜான் ஸ்னோ என்னும் ஆங்கில மருத்துவர். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், இலண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. சில நாள்களிலேயே நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்று அன்று பலரும் நம்பினர். அசுத்த நீரே காரணம் என்று ஸ்னோ கருதினார். இறந்தவர்களின் வீடுகளை அவர் ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை பிராட் தெருவில் இருந்த தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே அமைந்திருந்தன. பின்னர் வெளியிட்ட நிலப்படத்தில், அந்தப் பம்புக்கும் பிற பம்புகளுக்கும் நடைதூரம் சமமாக உள்ள இடங்களை இணைத்து ஒரு கோடும் வரைந்தார். மக்கள் தண்ணீர் எடுக்கத் தெரு வழியாகத்தானே நடந்தார்கள்!

எனினும், இறந்தவர்களுள் பத்துப் பேரின் வீடுகள் வேறு பம்புகளுக்கே அருகில் இருந்தன. ஸ்னோ அவர்களை ஒதுக்கிவிடவில்லை, விசாரித்தார். ஐந்து பேரின் குடும்பத்தினர் பிராட் தெருத் தண்ணீரையே விரும்பி எடுத்து வந்தனர். மூவர், அந்தப் பம்பின் அருகே இருந்த பள்ளியில் படித்த சிறுவர்கள். செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. நோய் அதற்குமுன்பே தணியத் தொடங்கியிருந்தாலும், அவர் ஆராய்ந்த முறை இன்றும் போற்றப்படுகிறது.

இன்று கணினியும் இத்தகைய தேடலையே செய்கிறது. அது ஒவ்வொரு பொருளையும் எண்களாக மாற்றி, ஒரு புள்ளியாகக் கருதுகிறது. புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு குறையக் குறைய, ஒற்றுமை கூடுவதாகக் கொள்கிறது.

மாத வாடகை 1,500 ரிங்கிட்டில், மூன்று அறைகள் கொண்ட வீட்டை ஒரு குடும்பம் தேடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வீட்டின் வாடகை 1,500 ரிங்கிட். ஆனால், ஓர் அறைதான். இரண்டாம் வீட்டின் வாடகை 1,510 ரிங்கிட். மூன்று அறைகள் உள்ளன. எண்களை அப்படியே கழித்தால், முதல் வீட்டின் தொலைவு 2. இரண்டாம் வீட்டின் தொலைவு 10. ஆகவே, ஓர் அறை வீடே பொருத்தமானது என்று கணினி கூறிவிடும்! ஆறு பேர் உள்ள குடும்பம் அங்கே எப்படி வாழும்?

பிழை கணக்கில் இல்லை, அளவுகோலில் உள்ளது. வாடகைகள் 1,000 முதல் 2,000 ரிங்கிட் வரையிலும் அறைகள் 1 முதல் 5 வரையிலும் இருந்தால், வாடகை வேறுபாட்டை 1,000ஆலும் அறை வேறுபாட்டை 4ஆலும் வகுக்க வேண்டும். இப்போது முதல் வீட்டின் தொலைவு 0.5, இரண்டாம் வீட்டின் தொலைவு 0.01 மட்டுமே. சரியான வீடு அருகில் வந்துவிட்டது.

பல இலட்சம் புள்ளிகளுள் மிக அருகில் உள்ளதைக் கணினி நொடியில் கண்டுபிடித்துவிடும். ஆனால், எதை அளப்பது, எப்படி அளப்பது என்பதை முடிவு செய்பவர் மனிதரே. ஆகவே, கணினி ஒன்றைப் பொருத்தமானது என்று காட்டும்போது, அது எதைக் கொண்டு அளந்தது என்று கேட்கப் பழகுவோம்.