வெளிநாட்டு மாப்பிள்ளையா? கையில் என்ன அட்டை என்று கேளுங்கள்



பிசான அறுவடை முடிந்தால் நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும். அம்பாசமுத்திரமோ சேரன்மகாதேவியோ, “மாப்பிள்ளை அமெரிக்காவுல கிரீன் கார்டு வச்சிருக்காரு” என்று தரகர் சொன்னதும் நமக்குச் சந்தோஷம். எத்தனை பவுன் என்று பேசுகிறோம். குழுவில் கடன் வாங்குகிறோம். “பொண்ணு எப்போ போவா, எந்த விசாவுல போவா?” என்று மட்டும் கேட்பதில்லை. பிறகு விசா வரும்வரை தாய் வீட்டில் காத்திருப்பது அந்தப் பெண்தானே? அதனால் இந்த மாதம் இதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

நிரந்தரவாசி என்றால் யார்?

நிரந்தரவாசி அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்க உரிமை பெற்றவர். ஆனால் அந்த நாட்டுக் குடிமகன் அல்ல. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். குடிமகனின் மனைவிக்கு ஒரு விதி, நிரந்தரவாசியின் மனைவிக்கு வேறு விதி என்று பல நாடுகளில் உண்டு.

நாட்டுக்கு நாடு விதி வேறு

அமெரிக்கா: குடிமகனின் மனைவிக்கு விசா எண்ணிக்கையில் வரம்பு இல்லை. கிரீன் கார்டுக்காரரின் மனைவிக்கு ஆண்டு வரம்பு உண்டு. வரிசையில் நிற்க வேண்டும். 2019 முதல் 2023 தொடக்கம் வரை இந்த வரிசை இல்லாமல் இருந்தது. 2023 ஏப்ரலில் மறுபடி வந்தது. வரிசை எதுவரை நகர்ந்தது என்று அந்நாட்டு அரசு மாதாமாதம் வெளியிடுகிறது. கணவர் இடையில் குடிமகன் ஆகிவிட்டால் வரிசை தேவையில்லை.

கல்யாணத் தேதியும் முக்கியம். வேலை மூலம் கிரீன் கார்டு பெறுபவர், அது கிடைக்கும் முன்பே திருமணம் செய்திருந்தால், மனைவி அதே விண்ணப்பத்தின் பேரில் பின்னால் போய்ச் சேரலாம். கார்டு கிடைத்த பிறகு திருமணம் என்றால் புதிதாக மனுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கனடா: நிரந்தரவாசியும் மனைவிக்குப் பொறுப்பேற்று மனுப் போடலாம். அப்போது அவர் கனடாவில் வசிக்க வேண்டும். மனைவியை 3 ஆண்டு பராமரிப்பதாக உறுதி கொடுக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் மனைவியும் நிரந்தரவாசியாகவே போய் இறங்குவார்.

சிங்கப்பூர்: நிரந்தரவாசியின் மனைவி நீண்டகாலத் தங்கல் அனுமதிக்கோ நிரந்தரவாசத்துக்கோ விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அந்த அரசின் முடிவு.

வளைகுடா: அங்கே நம்மவர் பெரும்பாலும் வேலை விசாவில் இருப்பவர்கள். சம்பளம் போதுமானதாக இருந்தால்தான் குடும்ப விசா. வேலை போனால் மனைவியின் விசாவும் போகும்.

“முதல்ல டூரிஸ்ட் விசாவுல வா, பிறகு பாத்துக்கலாம்” என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுற்றிப் பார்க்க என்று பொய் சொல்லித் தங்கப் போனால் பின்னால் வரும் விசாவும் கெட்டுப்போகும்.

நிச்சயத்துக்கு முன் கேளுங்கள்

1. குடிமகனா, நிரந்தரவாசியா, வேலை விசாவா? அட்டையையும் பாஸ்போர்ட்டையும் காட்டச் சொல்லுங்கள்.
2. மனைவிக்கு யார், எப்போது மனுப் போடுவார்? எத்தனை மாதம் ஆகும்?
3. முன்பு திருமணம் ஆனவரா? ஆகியிருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு எங்கே?
4. வேலை, முகவரி உண்மையா? அங்கே இருக்கும் சொந்தக்காரர் மூலம் விசாரியுங்கள்.

கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேள்விக்கே முறிகிற சம்பந்தம் முறியட்டும்.

காகிதங்கள் பெண்ணின் கையில்

பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. கோயிலில் நடந்தாலும், சர்ச்சில் நடந்தாலும், நிக்காஹ் ஆனாலும் தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், பள்ளிச் சான்று, திருமணச் சான்று மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் தூதரகத்தில் கேள்வி வரும். கல்யாணப் போட்டோ, அழைப்பிதழ், கணவருடைய அட்டையின் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் அம்மா வீட்டிலும் இருக்கட்டும்.

போன பிறகு

அமெரிக்கா போய்ச் சேரும்போது திருமணம் ஆகி 2 ஆண்டு நிறையவில்லை என்றால் மனைவிக்கு 2 ஆண்டு நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். அது முடியும் முன் இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். “நான் கையெழுத்துப் போடலேன்னா உன்னை ஊருக்கு அனுப்பிருவாங்க” என்று மிரட்டும் கணவர்களும் உண்டு. அடி, கொடுமை இருந்தால் மனைவி தனியாகவே மனுப் போட அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. இதை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவோம்.

கணவர் கைவிட்டுவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்க வேண்டாம். டெல்லியில் தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பெண் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். இங்கே இருப்பவர் 181 மகளிர் உதவி எண்ணில் பேசலாம்.

குழுவில் பேச

நம் குழுவில் யார் வீட்டுப் பெண்ணுக்கு வெளிநாட்டு வரன் பேசுகிறார்கள்? மேலே உள்ள நான்கு கேள்விகளையும் அவர்கள் கேட்டுவிட்டார்களா? கல்யாணக் கடனுக்குத் தீர்மானம் போடும் முன் இதையும் ஒரு வார்த்தை கேட்போம். கடனைத் திருப்பிக் கட்ட தவணை உண்டு. காத்திருந்து வீணாகும் ஒரு பெண்ணின் வயதுக்குத் தவணை கிடையாது.