எத்தனை 'காண்க' வேண்டும்?

போர்ட் பிளேரில் 2020 ஆகஸ்ட் 10-க்கு முன்னால் இருந்தவர்களுக்கு நெட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போது எல்லாமே செயற்கைக்கோள் வழிதான். ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். அந்த ஆகஸ்ட் 10 அன்றுதான் சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் சேவைக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். போர்ட் பிளேரில் கரையேறி, ஹேவ்லாக், ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரைக்கும் போகிறது.

கேபிளுக்கு முந்திய அந்த நாட்களில் ஓர் அலுவலகத்துக்காக சர்வர் கான்ஃபிகரேஷன் கையேடு எழுதினேன். பத்திக்குப் பத்தி '3.2 காண்க', 'பிற்சேர்க்கை காண்க' என்று போட்டுத் தள்ளியிருந்தேன். அப்படி இருந்தால்தான் விஷயம் தெரிந்தவன் எழுதியது போலத் தெரியும் என்று ஒரு நினைப்பு. கார் நிக்கோபாரிலிருந்து டெக்னீஷியன் ஒருவர் போன் செய்தார். "சார், நெட் வரலைன்னா என்ன பண்ணணும்னு ஒரு லிங்க் போட்டிருக்கீங்க. நெட் வந்தாத்தானே சார் அது திறக்கும்?"

அன்று மாலையே கையேட்டைப் பிரித்து மேய ஆரம்பித்தேன். இப்போதும் அதே வரிசையில்தான் செய்கிறேன்.

முதலில் கையேட்டை அச்செடுங்கள். திரையில் பார்த்தால் இந்த வேலை நடக்காது. சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு 'காண்க'வையும் வட்டமிட்டு, அது எங்கே அனுப்புகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். ஒரே பிரிவுக்குள் ஒரே எண் இரண்டு மூன்று முறை வரும். அது வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள். பொருளடக்கம் சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்லும் 'அடுத்த பிரிவைக் காண்க'வையும் அடியுங்கள். அடுத்த பக்கத்தைப் புரட்ட யாருக்கும் வழிகாட்டி தேவையில்லை.

அடுத்தது கொஞ்சம் நேரம் பிடிக்கும். மிச்சமிருக்கும் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். போன இடத்தில் கிடைப்பது ஒரே வரியா? அப்படியானால் அந்த வரியையே இங்கே கொண்டு வந்துவிடுங்கள். என் கையேட்டில் இப்படி இருந்தது:

'சர்வரின் நேர மண்டலத்தை அமைக்கவும் (2.3 காண்க). அமைக்கும் முறைக்கு 2.3 காண்க. பிற்சேர்க்கை அ-வையும் காண்க.'

2.3-க்குப் போனால், 'நேர மண்டலம் பற்றி 5.1 காண்க'. 5.1-இல் 'இந்திய நேரம்' என்று இரண்டே சொல். பிற்சேர்க்கை அ, வாசகரைத் திரும்ப 2.3-க்கே அனுப்பியது. படிக்கிறவர் மூன்று பக்கங்களில் மூன்று விரல்களைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திருத்தியது இது:

'நேர மண்டலம்: ஆசியா/கொல்கத்தா. தீவுகளுக்கென்று தனி மண்டலம் கிடையாது.'

இரண்டாவது வாக்கியம் அலங்காரத்துக்கு இல்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. அந்தமான் கிட்டத்தட்ட 93 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்வதால், புதிதாக வருகிறவர் தனி மண்டலம் இருக்கும் என்று பட்டியலில் தேடத்தான் செய்வார். அந்தச் சந்தேகம் எழும் இடத்திலேயே பதில் இருந்துவிட்டால் 'காண்க' எதற்கு? உதாரணத்துக்கு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கான்ஃபிகரேஷன் கோப்பைத் திறந்து பாருங்கள். மாற்றினால் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டிய மதிப்புகளின் பக்கத்திலேயே அதைச் சொல்லும் சிறு குறிப்பு இருக்கும்.

எல்லாவற்றையும் இப்படிக் கொண்டு வந்துவிடலாமா? கூடாது. மாறக்கூடிய தகவல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக், சுவராஜ் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜய புரம் ஆனது. ஊர்ப் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்தவர்கள் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியதுதான். கையேட்டின் முன்பக்கத்தில் ஓர் இட அட்டவணை போட்டு, மற்ற இடங்களில் குறியீட்டை மட்டும் எழுதியிருந்தால் ஒரு வரி மாற்றினால் போதும். ஐபி முகவரிக்கும் இதே கதைதான். ஊரின் பெயர் மாறியும் விமான நிலையத்தின் குறியீடு ஐஎக்ஸ்இசட் மாறவில்லை. பெயரைவிடக் குறியீட்டுக்கு ஆயுசு கெட்டி.

பிறகு சங்கிலிகளை அறுங்கள். 4.1 உங்களை 6.2-க்கும், 6.2 அங்கிருந்து 7.5-க்கும் அனுப்பினால், 4.1-இலேயே 7.5 என்று போடுங்கள். இரண்டு பிரிவுகள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு நின்றால் விஷயம் எதிலும் இல்லை என்று பொருள். உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

இப்போது மிஞ்சியவற்றின் வாசகத்தைத் திருத்துங்கள். 'காண்க' என்பது வெறும் கட்டளை. யார், எப்போது போக வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். 'கடவுச்சொல் மறந்திருந்தால் மட்டும் 3.4' என்று எழுதினால், மறக்காதவர் நிற்காமல் அடுத்த படிக்குப் போய்விடுவார். கூடுதல் வாசிப்புக்கானவற்றை நடுவில் செருகாமல் கடைசியில் மொத்தமாக வையுங்கள். இது புதிய யோசனையும் இல்லை. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே 'சீ ஆல்ஸோ' என்று அதற்கொரு தனித் தலைப்பு உண்டு.

திரும்ப வருவதெல்லாம் குற்றம் என்றும் கத்தியைத் தூக்கிவிடாதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரின் கான்ஃபிகரேஷன் மேனுவலில் யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பதற்கு நான்கு அமைப்புகள் உண்டு. பெயர்களைப் பேட்டர்னாக எழுதும் விதத்துக்கு இன்னொரு மேனுவலைப் பார்க்கச் சொல்லும் ஒரே வரி நான்கின் கீழும் வருகிறது. அது சரிதான் என்பேன். அந்த மேனுவலை யாரும் கதை போல முதலிலிருந்து படிப்பதில்லை. வேண்டிய சொல்லைத் தேடி நேரே அங்கே குதிக்கிறார்கள். குதித்த இடத்தில் வரி இருந்தாக வேண்டும். படிப்படியாகச் செய்யச் சொல்லும் கையேட்டில் அதே வரி நான்கு முறை வந்தால் எரிச்சல்தான்.

கடைசியில், கையேட்டை எழுதாத ஒருவரிடம் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டுகிறார், திரும்பி வரும்போது எந்தப் படியில் விட்டோம் என்று தேடுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். தேடினால் அந்தக் 'காண்க' போக வேண்டும்.

கேபிள் வந்த பிறகும் நெட் போகத்தான் செய்கிறது. உங்கள் கையேட்டில் நெட் போனால் என்ன செய்வது என்று சொல்லும் பக்கம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். நெட்டில் இருந்தால், மற்ற திருத்தமெல்லாம் அப்புறம். முதலில் அதை அச்செடுத்து சர்வர் ரேக்கின் கதவில் ஒட்டிவிடுங்கள்.