மருந்து தெளித்தபின் கை மரத்தலும் வாந்தியும்

பருத்தி, கத்தரி, மிளகாய் முதலிய பயிர்களுக்குப் பூச்சிமருந்து தெளித்துத் திரும்பும் ஆட்களிற் சிலர், கைவிரல்களும் முகமும் மரத்துப்போவதாகவும் ஊசி குத்துவது போலிருப்பதாகவும் சொல்லுவதுண்டு. அவர்களுள் ஒருவர் வாந்தியும் எடுப்பாராயின், வெயிலில் நின்ற பித்தம் என்று சொல்லி மோர் கொடுத்துப் படுக்கவைப்பது கிராமங்களில் வழக்கம். இவ்வழக்கம் உயிருக்கே கேடாய் முடியக்கூடும்.

கை மரத்தல் மட்டும் இருப்பின் பெரும்பாலும் அச்சமில்லை. சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் முதலிய பைரித்ராய்டு மருந்துகள் தோலிற் பட்டால், அவ்விடத்து நரம்பு நுனிகள் கிளர்ச்சியுற்றுச் சில மணி நேரத்தில் எரிச்சலும் மரப்பும் உண்டாகும். வேர்வையும் வெயிலும் வெந்நீரும் அதனை அதிகப்படுத்தும். சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு நன்றாய்க் கழுவினால், சாதாரணமாக ஒரு நாளைக்குள் அடங்கிவிடும்.

வாந்தியும் சேர்ந்தால் நிலைமை வேறு. புரொபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் முதலியன ஆர்கனோபாஸ்பரஸ் என்னும் வகுப்பைச் சேர்ந்தவை. இவை வாய்வழியே மட்டுமன்றித் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்புகும். நரம்பின் ஏவலைத் தசைக்குக் கொண்டுசெல்லும் திரவியம், வேலை முடிந்ததும் உடம்பில் அழிக்கப்படவேண்டும். அதனை அழிக்கும் சத்தை இம்மருந்துகள் முடக்கிவிடுகின்றன. ஆகவே ஏவல் நிற்காமல் நீடித்து, வாயில் நீர் ஊறும், கண்ணீரும் வேர்வையும் பெருகும், வாந்தியும் பேதியும் காணும், கண்மணி கடுகளவாய்ச் சுருங்கும், தசைகள் துடிக்கும், முடிவில் மூச்சு அடைக்கும். புரொபெனோபாஸும் சைபர்மெத்ரினும் ஒரே டப்பாவிற் கலந்து விற்கப்படுவதும் உண்டு. கை மரப்பை மட்டும் பார்த்து இது வழக்கமான எரிச்சல்தானே என்றிருக்கையில், மற்றது உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்து யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்து தெளித்தோரில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியிற் சேர்ந்தனர். இவர்கள் மருந்தைக் குடித்தவர்களல்லர் என்பதை நிலச்சொந்தக்காரர்கள் கவனித்தல் வேண்டும்.

ஆகையால், மருந்து தெளித்த நாளில் ஒருவர் வாந்தியெடுத்தால், பிற குறிகளுக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதலே முறை. மூச்சுத்திணறலோ, தசைத்துடிப்போ, மயக்கமோ காணின் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது. 108-க்குச் சொல்லிவிட்டு, உடுத்த துணிகளைக் களைந்து, தலைமயிர் உட்பட உடம்பைச் சோப்பிட்டுக் கழுவுக. கழுவுபவர் உறை அணிந்துகொள்ளுதல் நலம். நினைவு தப்பியவரை இடப்பக்கமாய்ச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். உப்புநீர், புளிநீர், சாணநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்வது பெருந்தவறு; அது மூச்சுக்குழாயிற் புகுந்து வேறொரு ஆபத்தை விளைவிக்கும். உடம்பில் எண்ணெய் தடவுவதும் வேண்டா.

டப்பாவையும் அதன் சீட்டையும் கட்டாயம் எடுத்துச் செல்லுக. எந்த வகுப்பு மருந்து என்பது தெரிந்தால் வைத்தியர் ஏற்ற மாற்றைத் தாமதமின்றித் தொடங்குவார். ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்துக்கு அட்ரோபின் ஊசி முதன்மையானது. சீட்டிலுள்ள முக்கோணத்தின் நிறம் விஷத்தின் வேகத்தைக் காட்டும்: சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள், நீலம், பச்சை முறையே அதனிற் குறைந்தவை. பச்சை என்பதற்காக அலட்சியம் கூடாது. ஆள் நோயுற்றதனால் வேலை பாதியில் நிற்கிறதே என்று வண்டிக்குத் தயங்கும் மிராசுதார்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர் இதனை எடுத்துரைக்கலாம்.

வாந்தியும் கை மரத்தலும் வேறு காரணத்தாலும் வரும். தரையிற் படுத்துறங்கியவருக்கு விடியலில் வயிற்றுவலியும் வாந்தியும் வந்து இமைகள் தொங்குமாயின், கடிவாய் தெரியாவிடினும் கட்டுவிரியன் கடியெனச் சந்தேகிக்க வேண்டும். செந்தேள் கொட்டினாலும் வாந்தி, வேர்வை, கைகால் சில்லிடுதல் உண்டு. ஒருபக்கத்துக் கை மட்டும் திடீரென மரத்து வாய் கோணினால் அது பக்கவாதம். இவையனைத்தும் உடனே ஆஸ்பத்திரிக்குரியவையே.

வாந்தி நின்றதும் வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படுதல் தகாது. ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்தில் முதல் நான்கு நாட்களுக்குள், தேறிவிட்டதுபோற் காணப்பட்டவருக்குக் கழுத்தைத் தூக்கமாட்டாத பலவீனமும் மூச்சுத்தடையும் வருவதுண்டு. சிலருக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் கால்களும், பின்பு கைகளும் மரத்து வலுவிழக்கும். அப்போதும் தெளித்த மருந்தின் பெயரையும் தெளித்த நாளையும் வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.