டீசலைக் கெடாமல் சேமிப்பது எப்படி?

நெல்லைக் காய வைத்துக் குதிரில் கொட்டினால் அது அடுத்த பட்டம் வரை கெடாமல் இருக்கும். டீசல் அப்படியல்ல. அதற்கும் ஆயுள் உண்டு. இதை அறியாமல் சேமித்து வைத்தால், அவசர வேளையில் இன்ஜின் நம்மைக் கைவிட்டுவிடும்.

குமராட்சி வட்டாரத்தில் இது சிறிய விஷயமல்ல. ஒரு புறம் கொள்ளிடம், மறுபுறம் வீராணம் ஏரி. கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்கினால், வாய்க்கால் தானாக வடியும் வரை காத்திருக்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலுக்குப் பின் கடலூர் மாவட்டத்தில் பல கிராமங்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் பெருவெள்ளம் வந்தது. இத்தகைய நாட்களில் மின்மோட்டார் உதவாது. டீசல் இன்ஜின்தான் துணை. அன்று பங்குக்குப் போகும் சாலையும் நீரில் இருக்கலாம். எனவே கையிருப்பு வேண்டும். அந்தக் கையிருப்பு நல்லதாகவும் இருக்க வேண்டும்.

டீசல் ஏன் கெடுகிறது?

முதல் காரணம் காற்று. காற்றிலுள்ள பிராணவாயு டீசலுடன் மெல்லச் சேர்ந்து பிசினை உண்டாக்குகிறது. வெப்பமும் வெயிலும் இதை விரைவுபடுத்தும். செம்பும் துத்தநாகமும் டீசலைக் கெடுக்கும். ஆகவே துத்தநாகப் பூச்சுள்ள தகரப் பாத்திரம் ஆகாது.

இரண்டாவது காரணம் தண்ணீர். பாதி காலியான பீப்பாய் பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் பீப்பாயின் உட்சுவரில் வியர்த்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கினால், மூடியின் இடுக்கு வழியே அந்த நீரும் உள்ளே போகும்.

மூன்றாவது காரணம் நுண்ணுயிர். அடியிலுள்ள நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூசணமும் பாக்டீரியாவும் வளர்ந்து, வழவழப்பான கசடாகின்றன. இக்கசடு வடிகட்டியை அடைக்கும். நீர் உள்ளே சென்றால் பம்பும் நாசிலும் துருப்பிடிக்கும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

நிழலான, குளிர்ந்த இடத்தில், நீர் புகாத கலத்தில் டீசல் ஓர் ஆண்டு வரை தாங்கும். நம் ஊர் வெப்பத்தில் 6 மாதம் என்று கணக்கிடுவதே நல்லது. தை அறுவடையில் மிஞ்சிய டீசலை ஐப்பசி மழைக்கு நம்பி வைப்பது தவறு. அதைக் கோடை உழவிலேயே செலவிட்டுவிடுங்கள்.

எவ்வளவு வாங்கலாம்?

5 குதிரைத்திறன் இன்ஜின் முழுச் சுமையில் ஓடினால் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் செலவாகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் 5 நாட்கள் நீர் வடிக்க 40 முதல் 45 லிட்டர் போதும். இதற்கு 200 லிட்டர் பீப்பாய் தேவையில்லை. 25 லிட்டர் கேன் இரண்டு போதும். புரட்டாசிக் கடைசியில் வாங்குங்கள். வாங்கிய தேதியைக் கேன் மீது எழுதுங்கள். மழை குறைவாக இருந்தால் தை, மாசி வேலைகளுக்கு அதையே ஊற்றிவிடுங்கள். பழையதை முதலில் செலவிடுவதே முறை.

சேமிக்கும் முறை

1. எரிபொருளுக்கென்றே செய்த, இறுக மூடும் கேனைப் பயன்படுத்துங்கள். மருந்து டப்பா, தண்ணீர்க் குடம் ஆகியவை வேண்டாம்.

2. வெப்பத்தில் விரிய மேலே சிறிது இடம் விட்டு, மற்றபடி நிரப்பி வையுங்கள்.

3. மரப்பலகை மீது, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். வைக்கோல் போர், அடுப்பு, விதை, உரம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

4. டீசல் தண்ணீரைவிட இலேசானது. நிறைந்த கேனும் வெள்ளத்தில் மிதந்து போகும். உயரமான பரணில் வையுங்கள் அல்லது தூணில் கட்டிவிடுங்கள்.

5. கேனைத் தூக்கி வந்தவுடன் ஊற்றாதீர்கள். அசைக்காமல் ஒரு நாள் தெளிய விட்டு, மேலாக எடுத்து, வடிகட்டி ஊற்றுங்கள். அடியில் உள்ள ஓரிரு அங்குலம் இன்ஜினுக்கு வேண்டாம்.

சோதித்துப் பாருங்கள்

அடியிலிருந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து இரவு முழுவதும் வையுங்கள். காலையில் தெளிந்து பளிச்சென்று இருந்தால் நல்லது. அடியில் நீர்க் கோடு, கலங்கல், கசடு, கறுத்த நிறம், புளித்த வாடை ஆகியவற்றில் எது இருந்தாலும் இன்ஜினில் ஊற்றாதீர்கள். கெட்டதை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டவும் கூடாது.

பெட்ரோலுக்கு இன்னும் கவனம்

விசைத் தெளிப்பானுக்கும் களை வெட்டும் கருவிக்கும் பெட்ரோல் வாங்குவோர், அதில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பிறகு கருவி ஓடாது. ஒரு மாதத்திற்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி விளக்கு, அடுப்பு வரை சென்று தீப்பற்றும். எனவே வீட்டினுள் வைக்காதீர்கள்.

மழைக்கு முன் வரப்பைச் சீர் செய்கிறோம். வடிகாலைத் தூர் வாருகிறோம். அதே நாளில் டீசல் கேனையும் திறந்து பார்த்து, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பயிர் மூழ்கிய பிறகு இன்ஜினைப் பழுது பார்க்க நேரம் இருக்காது.