கொல்கத்தா வீட்டுக்கு ஏ.ஐ. அலங்காரப் படம்: கருவி தேர்ந்தெடுக்கப் பத்துக் குறிப்புகள்

லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீடோ, நியூ டவுனில் புதிதாக வாங்கிய ஃபிளாட்டோ, பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே அறை எப்படி அமையும் என்று இப்போது பார்த்துவிடலாம். ஆனால் எல்லாக் கருவியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பணம் கட்டும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. முதலில் வகை பிரியுங்கள். மிட்ஜர்னி, இன்டீரியர் ஏ.ஐ., ரூம்ஜிபிடி போன்றவை, பழகிய ஏராளமான படங்களை வைத்துப் புதுப் படம் வரைபவை. என்ஸ்கேப், டி5 ரெண்டர், லூமியான் போன்றவை, அளவோடு கட்டிய முப்பரிமாண மாதிரியின் மேல் வெளிச்சம் எப்படி விழும் என்று கணக்கிடுபவை. நிறமும் பாணியும் முடிவு செய்ய முதல் வகை போதும். மரவேலைக்கு ஆர்டர் கொடுக்க இரண்டாவதுதான் வேண்டும்.

2. இரண்டுக்கும் நடுவே வேராஸ் இருக்கிறது. ஸ்கெட்ச்அப், ரெவிட் மென்பொருள்களில் கட்டிய மாதிரிகளை வைத்துப் படம் வரையும். மாதிரியிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷனைப் பயன்படுத்துபவர்கள் 2023-ல் வந்த கன்ட்ரோல்நெட் என்ற துணைக்கருவியைச் சேர்த்துக்கொண்டால் சுவரும் ஜன்னலும் பெரும்பாலும் இடம் மாறாது.

3. ஒப்பிடும்போது எல்லாக் கருவிக்கும் ஒரே போட்டோ, ஒரே வாசகம் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில், அறை மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் எடுங்கள். மொபைலின் அகலக் கோண லென்ஸ் வேண்டாம். சிறிய அறையும் பெரிதாகத் தெரியும்.

4. படம் வந்ததும் அழகைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பாருங்கள். கதவு, ஜன்னல், பீம், சீலிங் ஃபேன், ஸ்விட்ச் போர்டு, ஜன்னல் கம்பி எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றனவா? எது குறைவாக அழிக்கிறதோ அதுவே உங்களுக்கு ஏற்ற கருவி.

5. பழைய வீட்டின் சிவப்பு சிமென்ட் தரை, கருப்பு பார்டர், பச்சை மரப்பலகை ஜன்னல், கூரையின் உத்தரங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலான கருவிகள் மார்பிளாகவும் ஃபால்ஸ் சீலிங்காகவும் மாற்றிவிடும். ‘இவை அப்படியே இருக்கட்டும்’ என்று விவரித்து எழுதுங்கள். குறித்த பகுதியை மட்டும் மாற்றும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எழுத்தாளர் அமித் சவுத்ரி 2015-ல் இத்தகைய வீடுகளைக் காக்க இயக்கம் தொடங்கினார். பெயர்த்தெடுத்த தரை திரும்பக் கிடைக்காது. ஒரு படத்தின் கவர்ச்சிக்காக அதை இழக்காதீர்கள்.

6. வெயில் எப்படி விழும் என்று அறிய அளவோடு கட்டிய மாதிரியையே நம்புங்கள். மென்பொருளில் இடத்தைக் கொல்கத்தா என்றும் திசையைச் சரியாகவும் குறியுங்கள். ஜூன் 21 நண்பகலில் இங்கே சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். டிசம்பர் 21-ல் தெற்கே சுமார் 44 டிகிரி உயரம்தான். தெற்கு ஜன்னல் வழியே குளிர்கால வெயில் அறைக்குள் நீண்டு வரும். தென்றலுக்காகத் தெற்குப் பார்த்த ஃபிளாட்டைத் தேடி வாங்கிவிட்டு, அந்த ஜன்னலை அலமாரியால் மறைக்கலாமா?

7. ஏ.ஐ. படத்தில் இருக்கும் சோஃபாவின் அளவை நம்பாதீர்கள். டேப்பால் அளந்து, இலவசமாகக் கிடைக்கும் ஸ்வீட் ஹோம் 3டி-யில் அறையைப் போட்டுப் பாருங்கள். சமையலறைப் படத்தில் வெட் கிரைண்டருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். கேட்காவிட்டால் அவை வராது. பொருள்களை மேலே ஏற்ற முடியுமா என்று அறிய மாடிப்படியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

8. திரையில் தெரியும் நிறம் சுவரில் அப்படியே வராது. சிறு டப்பா வாங்கி இரண்டடிச் சதுரம் அடித்து, காலையிலும் இரவிலும் பாருங்கள். எஸ்ரா ஸ்ட்ரீட்டில் விளக்கு வாங்கும்போது படத்தைக் காட்டுவதோடு கெல்வின் எண்ணையும் சொல்லுங்கள்: மஞ்சள் ஒளிக்கு 2700 முதல் 3000, வெள்ளைக்கு 6500. மழைக்காலத்தில் உப்புப் பூக்கும் சுவரில் வால்பேப்பரோ பிளைவுட் பேனலோ படத்தில் மட்டும்தான் நிலைக்கும். முதலில் ஈரக்கசிவைச் சரிசெய்யுங்கள்.

9. படத்தில் ஒரு சுவர் காணாமல் போயிருந்தால் உடனே இடிக்கக் கிளம்பாதீர்கள். பழைய வீடுகளில் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. கட்டுமானப் பொறியாளரைக் கேளுங்கள். வீடு மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளதா என்றும் பாருங்கள். இருந்தால், வேலை தொடங்கும் முன் அனுமதி பற்றி விசாரியுங்கள்.

10. மாதச் சந்தா கட்டினால் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வையுங்கள். மிட்ஜர்னியில் உருவாகும் படங்கள், தனியாக மாற்றாதவரை பிறர் பார்வைக்கும் வரும். ஆகவே குடும்பப் போட்டோ, பீரோ, மேஜை மேல் கிடக்கும் காகிதங்களை ஒதுக்கிவிட்டுப் போட்டோ எடுங்கள். கடைசியில் மிஸ்திரியிடம் கொடுக்க வேண்டியது அடி, அங்குலம் குறித்த வரைபடம். ஏ.ஐ. படத்தை நிறத்துக்கும் பாணிக்கும் துணையாக இணைத்து, பிளைவுட்டின் தடிமனையும் லேமினேட் எண்ணையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.