வெளிமான் வேட்டைக்குத் திட்டம்

குத்தாலத்து மாணவர்களே! மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று தெற்கே போனால் கோடியக்கரை. அங்குள்ள புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன. முகலாய மன்னர்கள் சிவிங்கிப்புலிகளைப் பழக்கி ஏவி வேட்டையாடியது இந்த இனத்தைத்தான். 1967-இல் அவ்விடம் சரணாலயம் ஆயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனித் துப்பாக்கி தூக்கினால் சிறைதான். ஆனால் வனத்துறை அனுமதியுடன் நோட்டும் தொலைநோக்கியும் ஏந்திக் கணக்கெடுப்பு வேட்டைக்குப் போகலாம்.

இதற்கும் திட்டம் வேண்டும். வெளிமானின் பெரும் பலம் கூர்மையான கண். ஆகவே அதிகாலையில், சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு நில்லுங்கள். மான் தலை நிமிர்ந்தால் அசையாதீர்கள்.

எண்ணுவது எளிதென்று நினைக்கிறீர்களா? நீங்கள் எண்ணிய 30 மான்கள் மிரண்டு அடுத்த குழுவின் பக்கம் ஓடினால், ஏட்டில் 60 ஆகிவிடும்! எனவே மந்தையின் அளவு, நேரம், ஓடிய திசை மூன்றையும் குறித்து, பிறகு குழுக்கள் ஒப்பிட வேண்டும்.

முறுக்குக் கொம்புடைய கருநிறக் கிடாவையே வேட்டைக்காரன் தேடினான். நாம் தேடுவது அவன் பொருட்படுத்தாத பழுப்பு நிறப் பெட்டைகளையும் குட்டிகளையும். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. ஆதலால் குட்டிகள் குறைந்தால் மந்தை மெல்லத் தேய்கிறது என்று பொருள். அப்போது மானை விட்டுப் புல்லைப் பாருங்கள்: சீமைக் கருவேலம் வெளியை அடைத்திருக்கிறதா, காட்டில் திரியும் குதிரைகள் மேய்ந்து தீர்த்துவிட்டனவா?